எலிக்கு எழுதிய சீட்டு

கம்பைநல்லூரில் அக்கா வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்தேன். மோர் எடுக்கத்தான். தோசை மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால், நேற்றைய ரசத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் கட்டைவிரல் உயரத்தில் ஒரு கண்ணாடிக் குப்பி. அடியில் வெள்ளையாய்க் கொஞ்சம் பொடி. லேபிளில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில்: ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல.

அக்கா வீட்டில் இருப்பது இரண்டு கறவை மாடு, ஒரு கன்று, கொஞ்சம் தக்காளித் தோட்டம். இங்கே யார் ஆராய்ச்சி செய்கிறார்கள்?

"அது என்னோடது மாமா" என்றான் மருமகன்.

வயது 22. போலீஸ் வேலைக்குத் தயாராகிறான். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடியாக வேண்டும். இந்தப் பக்கத்துப் பையன்கள் விடியற்காலையில் தார் ரோட்டில்தான் ஓடிப் பழகுகிறார்கள். ஓடி ஓடி இவனுக்கு முழங்கால் போய்விட்டது. மாடிப்படி இறங்கினாலே வலி. பெங்களூரில் வேலை பார்க்கும் சிநேகிதன், அங்கே ஒரு ஜிம்மில் சொல்லி வாங்கி வந்து கொடுத்ததுதான் இந்தக் குப்பி. "தசைநார் கிழிஞ்சிருந்தாக்கூட ஒட்டிடும்" என்றார்களாம்.

"பேர் என்னடா?"

"பி.பி.சி. 157."

"லண்டன் ரேடியோவா?"

அவன் சிரிக்கவில்லை. செல்போனில் ஓர் அட்டவணையைக் காட்டினான். கட்டம் போட்டு, கலர் அடித்து, அழகாகவே இருந்தது. உடல் எடை இவ்வளவு என்றால் மருந்து இவ்வளவு. பொடியில் எத்தனை மில்லி தண்ணீர் கலக்க வேண்டும், சிரிஞ்சில் எத்தனை கோடு இழுக்க வேண்டும், காலையா மாலையா, எத்தனை வாரம் என்று எல்லாமே இருந்தது.

"டோஸ் எல்லாம் கரெக்டா போட்டிருக்கு மாமா. இந்தக் கோடு கணக்குல மட்டும்தான் சந்தேகம். நீங்க படிச்சவரு, பாத்துச் சொல்லுங்க."

படித்தவர் பார்த்தார். படித்தவருக்குக் கோபம்தான் வந்தது. அவன் மேல் இல்லை. அந்த அட்டவணையைத் தயாரித்த புண்ணியவான் மேல். உங்கள் வீட்டிலும் ஒரு மகனோ மருமகனோ, ஏன், எடை குறைக்க ஆசைப்படும் ஒரு மைத்துனியோ இப்படி ஓர் அட்டவணையைக் கையில் வைத்திருக்கலாம். அதனால்தான் இந்த வாரம் உங்களிடம் இதைக் கொட்டுகிறேன்.

முதலில் பெப்டைட் என்பது பூதம் இல்லை. அமினோ அமிலங்களை மணி மாதிரி கோத்த சின்னச் சங்கிலி. உங்கள் அப்பா தினமும் போட்டுக்கொள்ளும் இன்சுலின் 51 மணி. பிரசவ வார்டில் சொட்டுச் சொட்டாக ஏற்றும் ஆக்ஸிடோசின் 9 மணி. மருமகன் வைத்திருப்பது 15 மணி. முதல் இரண்டுக்கும் மூன்றாவதுக்கும் என்ன வித்தியாசம்? சங்கிலியின் நீளம் இல்லை. முதல் இரண்டுக்கும் டோஸ் உண்டு. மூன்றாவதுக்கு டோஸ் என்று ஒன்றே கிடையாது.

"அட்டவணையில் இருக்கிறதே" என்பீர்கள். இருப்பது எண். எண் வேறு, டோஸ் வேறு.

டோஸ் எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். 2025 மார்ச்சில் இந்தியச் சந்தைக்கு வந்த மவுஞ்சாரோ ஊசியை எடுத்துக்கொள்வோம். அதுவும் பெப்டைட்தான். அதை முதல் நான்கு வாரம் வாரத்துக்கு 2.5 மில்லிகிராமில்தான் ஆரம்பிக்கிறார்கள். அது எடையைக் குறைக்கும் அளவே இல்லை, வயிறு பழகுவதற்கான அளவு. பிறகு 5. தேவைப்பட்டால் இன்னும் படிப்படியாக. இந்த 2.5-ம் 5-ம் யாருடைய மூளையிலும் உதித்ததல்ல. உடல் பருமனுக்காக நடந்த ஒரு சோதனையில் மட்டும் 2,539 பேர் 72 வாரம் ஊசி போட்டுக்கொண்டார்கள். சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் ஊசி. யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. எத்தனை பேர் வாந்தி எடுத்தார்கள், எத்தனை பேர் பாதியில் விலகினார்கள் என்பதெல்லாம் எழுதி வைக்கப்பட்டது. பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும், நாம் பிரித்தே பார்க்காத அந்தக் காகிதம் அவர்கள் உடம்பால் எழுதப்பட்டது.

சரி, மருமகனின் மருந்துக்கு எத்தனை பேர்? யூகோஸ்லாவியக் காலத்திலிருந்தே ஜாக்ரெப் நகரத்து விஞ்ஞானிகள் அதை ஆராய்கிறார்கள். பெரும்பாலும் எலிகளில். எலிகளுக்கு நல்ல பலன் கிடைத்ததாகவே எழுதியிருக்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. மனிதர்களிடம் 2015-ல் பதிவு செய்யப்பட்ட ஒரு முதல்கட்டச் சோதனையின் முடிவு எந்த ஆய்வுப் பத்திரிகையிலும் வரவில்லை. 2025-ல் நரம்பு வழியே ஏற்றிப் பார்த்து வெளியான ஒரு ஆய்வில் பங்கெடுத்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 2 பேர். ஷேர் ஆட்டோவில் போகிற கூட்டம்கூட இல்லை.

அந்த எலிக் கட்டுரைகளிலேயே கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் என்று ஒரு அளவும், 10 நானோகிராம் என்று இன்னொரு அளவும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே 1000 மடங்கு வித்தியாசம். அட்டவணைக்காரர் எதை எடுத்தார், ஏன் எடுத்தார்? எலியின் கணக்கை மனிதனுக்கு எப்படி மாற்றினார்? எடைக்கு எடை நேரடியாகப் பெருக்கினால் ஒரு விடை. மருந்து விஞ்ஞானிகள் செய்வதுபோல் உடம்பின் பரப்பை வைத்துப் போட்டால் விடை ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. அந்த விடையும் சோதனையின் வாசற்படிதான், முடிவு இல்லை.

ஒரு மிருகத்தின் கணக்கை இன்னொன்றுக்குப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு யானையே செத்திருக்கிறது. 1962 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஓக்லஹோமா சிட்டி மிருகக்காட்சி சாலையில் டஸ்கோ என்ற ஆண் யானை. அதற்கு எல்.எஸ்.டி. என்ற போதை மருந்தைக் கொடுத்து மதம் பிடிக்கிறதா என்று பார்க்க விஞ்ஞானிகளுக்கு ஆசை. அளவு? பூனை தாங்கிய அளவை வைத்துக்கொண்டு, பூனை இத்தனை கிலோ, யானை இத்தனை கிலோ என்று பள்ளிக்கூடப் பையன் மாதிரி பெருக்கினார்கள். 297 மில்லிகிராம். ஊசி போட்ட 5 நிமிடத்தில் யானை சரிந்தது. எழுந்திருக்கவே இல்லை. பெருக்கலில் தப்பே இல்லை. யானைதான் பெரிய பூனையாக இல்லாமல் போய்விட்டது.

அது அந்தக் காலம் என்று சொல்வீர்கள். 2006 மார்ச் 13-க்கு வாருங்கள். லண்டனில் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகம். டி.ஜி.என். 1412 என்ற புதிய மருந்து. பெப்டைட் இல்லை, ஆன்டிபாடி வகை. குரங்குகளுக்குக் கொடுத்து ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த அளவை 500-ஆல் வகுத்து, அந்தத் துளியை 6 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஏற்றினார்கள். சில மணி நேரத்தில் ஆறு பேருக்கும் உறுப்புகள் செயலிழந்தன. தீவிர சிகிச்சைப் பிரிவு பக்கத்திலேயே இருந்ததால் பிழைத்தார்கள். ஒருவருக்குக் கால் விரல்கள் போயின. அனுமதி வாங்கி, சுத்தமான மருந்தை, டாக்டர்கள் சுற்றி நிற்க, 500-ல் ஒரு பங்கு கொடுத்தபோதே இந்தக் கதி. கம்பைநல்லூரில் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு வயிற்றில் குத்திக்கொள்ளும் பையனுக்குச் சுற்றி நிற்கப் போவது யார்? மாடுதான் நிற்கும்.

இனி அவன் கேட்ட கோடு கணக்கு. அட்டவணை '10 யூனிட்' என்றது. மருமகன் உள்ளூர் மெடிக்கலில் வாங்கி வைத்திருந்த இன்சுலின் சிரிஞ்சை எடுத்து வரச் சொன்னேன். சிவப்பு மூடி. யு-40.

இதை மட்டும் மனதில் வையுங்கள். யூனிட் என்பது எடை இல்லை. நூறு வருடத்துக்கு முன் டொராண்டோவில் இன்சுலினைச் சுத்தமாகப் பிரிக்கத் தெரியாத காலத்தில், ஒரு முயலின் ரத்தச் சர்க்கரையை எவ்வளவு இறக்குகிறது என்று பார்த்து வைத்த அளவு அது. இன்சுலினுக்கு மட்டும் அர்த்தமுள்ளது. வேறு மருந்துக்கு அந்த சிரிஞ்சை எடுத்தால் கோடு வெறும் கொள்ளளவுதான். அமெரிக்காவில் இன்சுலின் சிரிஞ்ச் என்றாலே பெரும்பாலும் யு-100. அதில் 100 கோடு சேர்ந்தால் 1 மில்லி. ஆக, 10 கோடு என்பது 0.1 மில்லி. நம் ஊர் மெடிக்கல்களில் சாதாரணமாகக் கிடைக்கும் சிவப்பு மூடி யு-40-ல் 40 கோட்டுக்கே 1 மில்லி. அதே 10 கோடு 0.25 மில்லி. இரண்டரை மடங்கு. அட்டவணைக்காரர் எங்கோ உட்கார்ந்து ஆரஞ்சு மூடிக்கு எழுதினார். பையன் இங்கே சிவப்பு மூடியில் இழுத்திருப்பான். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் மருந்து இரண்டரை மடங்கு உள்ளே போயிருக்கும்.

இது படிக்காத ஊரின் பிரச்னை என்று மட்டும் நினைக்காதீர்கள். 2024 ஜூலையில் அமெரிக்க எஃப்.டி.ஏ. ஓர் எச்சரிக்கை விட்டது. செமாகுளூட்டைட் என்கிற எடை குறைப்பு மருந்தைக் குப்பியில் கலந்து விற்றபோது மில்லிகிராம், மில்லி, யூனிட் மூன்றையும் குழப்பிக்கொண்டு, சிலர் 5 முதல் 20 மடங்கு வரை குத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சில இடங்களில் தப்பாகக் கணக்குப் போட்டவர்கள் மருத்துவத் துறையினரே. அதாவது உண்மையான டோஸ் இருக்கிற மருந்துக்கே இந்தக் குளறுபடி.

"சிரிஞ்சை மாத்திக்கிறேன் மாமா, அப்ப சரியாயிடுமா?"

ஆகாது. குப்பிக்குள் என்ன இருக்கிறது என்றே நமக்குத் தெரியாதே. லேபிளில் 5 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது. யார் நிறுத்துப் பார்த்தது? '99 சதவீதம் தூய்மை' என்று ஒரு சான்றிதழும் செல்போனில் வைத்திருந்தான். அந்த 99 என்ன சொல்கிறது தெரியுமா? கருவியில் தெரிந்த பெப்டைட் சரக்கில் 99 பங்கு இந்தப் பெப்டைட் என்று சொல்கிறது. பொடியில் உப்பும் ஈரமும் போக மருந்து எவ்வளவு என்று சொல்லாது. கிருமி இல்லை என்று சொல்லாது. செத்த பாக்டீரியாவின் நச்சு மிச்சம் இருக்கிறதா என்று சொல்லாது. அந்த நச்சு துளி உள்ளே போனாலே காய்ச்சலும் நடுக்கமும் வரும். அந்தச் சான்றிதழ் இந்தக் குப்பிக்குத்தான் கொடுத்ததா என்பதும் தெரியாது. பெங்களூரிலிருந்து பஸ்ஸில் டிபன் பாக்ஸோடு வந்த குப்பி அது.

லைசென்ஸ் வைத்திருக்கும் கம்பெனியின் மருந்தே எப்படி ஆகும் என்பதைத் தமிழ்நாடு பார்த்துவிட்டது. 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா பக்கம் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். குடித்தது கோல்ட்ரிஃப் இருமல் மருந்து. செய்தது நம் காஞ்சிபுரம் மாவட்டத்து ஸ்ரீசன் ஃபார்மா. நம் மாநில ஆய்வகம் சோதித்தபோது அதில் டைஎத்திலின் கிளைக்கால் என்ற விஷம் 48.6 சதவீதம். அனுமதிக்கப்பட்ட எல்லை 0.1 சதவீதம். அந்த பாட்டிலிலும் லேபிள் இருந்தது. எந்த வயதுக்கு எத்தனை மில்லி என்று அளவு இருந்தது. டாக்டர் சீட்டில் எழுதினார், அம்மாக்கள் மூடியில் அளந்து ஊற்றினார்கள். டோஸ் சரி. உள்ளே இருந்ததுதான் வேறு. அதற்காவது பேட்ச் நம்பரைப் பிடித்து கம்பெனியை மூட முடிந்தது. மருமகனின் குப்பியில் பேட்ச் நம்பரும் இல்லை, தயாரித்தவன் விலாசமும் இல்லை.

'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று போட்டுவிட்டால் தீர்ந்ததா? ஆராய்ச்சிக் கூடத்துக்கு விற்கிறவன் எதற்காக வயிற்றில் எந்த இடத்தில் குத்த வேண்டும் என்று படம் போட்டுக் கொடுக்கிறான்? எலிக்கு எதற்கு 'காலை எழுந்ததும்' என்று நேரம்? 1940-ம் வருஷ மருந்துச் சட்டம் ஒரு பொருள் மருந்தா இல்லையா என்பதை அது எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்பதை வைத்துப் பார்க்கிறது. 2019-ம் வருஷப் புது மருந்து விதிகள், ஒப்புதல் இல்லாத மருந்தை இறக்குமதி செய்யவும் மனிதர்களிடம் சோதிக்கவும் அனுமதி வேண்டும் என்கின்றன. சட்டம் இருக்கிறது. குப்பியும் ஃபிரிட்ஜில் இருக்கிறது. உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை 2022-லிருந்து இந்தப் பி.பி.சி.யை விளையாட்டு வீரர்களுக்குத் தடை செய்தது. எஃப்.டி.ஏ. 2023-ல், மருந்துக் கடைகள் கலந்து தரக்கூடாத அளவுக்குப் பாதுகாப்புச் சந்தேகம் உள்ளவற்றின் வரிசையில் வைத்தது. நம் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை என்ன செய்யும்? வழக்கம்போல் ஒரு சாவுக்குக் காத்திருக்கும். பிறகு ரெய்டு, போட்டோ, பேட்டி.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டே மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள் அக்கா. அவளுக்குப் பெப்டைட் என்ற வார்த்தை தெரியாது. ஆனால் ஒரு பெப்டைட்டை அவளுக்கு நன்றாகவே தெரியும். மடி விடாத மாட்டுக்கு லேபிள் இல்லாத பாட்டிலிலிருந்து சிலர் போடுகிறார்களே, அந்த ஆக்ஸிடோசின். பிரசவ வார்டில் நர்ஸ் நிமிடத்துக்கு இத்தனை துளி என்று கண்ணை எடுக்காமல் பார்த்து ஏற்றுகிற அதே சரக்கு. அளவு மீறினால் கர்ப்பப்பை கிழியும். மாட்டுக் கொட்டகைக்கு வந்ததும் அதுவே 'ஒரு இழுப்பு' ஆகிவிடுகிறது. பால் கறக்க இப்படி ஊசி போடுவது 1960-ம் வருஷ மிருகவதைச் சட்டப்படியே குற்றம். 2018-ல் மத்திய அரசு தனியார் கம்பெனிகள் ஆக்ஸிடோசினைத் தயாரிக்கவே கூடாது என்றது. தாய்மார்களுக்குத் தட்டுப்பாடு வரும் என்று வழக்குப் போய், அதே டிசம்பரில் டில்லி உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். கொட்டகையில் தடுக்க வேண்டியதை பிரசவ வார்டில் தடுத்தால்?

அக்கா தவிட்டுக் கையை உதறிவிட்டுச் சொன்னாள். "போன வருசம் ஒருத்தன் வந்து மாட்டுக்கு ஊசி போடட்டுமான்னான். என்னா மருந்துன்னேன். சொல்லத் தெரியல. தொரத்தி விட்டேன். மாட்டுக்கே போட உடல. இவன் எனக்குத் தெரியாம அவனுக்கே போட்டுக்குறானே."

வாசகர்களில் இரண்டு கட்சி கிளம்பும் என்று தெரியும். முதல் கட்சி: "எங்க தாத்தா டபுள் பிளைண்ட் சோதனை பாத்தா கஷாயம் குடிச்சார்?" குடித்தார். அதில் ஆட்கள் போனதும் உண்டு. எந்த வேரை எவ்வளவு போட்டால் ஆகாது என்று ஊரே பல தலைமுறை பட்டுத் தெரிந்துகொண்டது. இந்தக் குப்பிக்கு ஊரும் இல்லை, தலைமுறையும் இல்லை. தவிர, கஷாயத்தை வயிறு வாந்தியாகத் திருப்பி அனுப்பும். ஊசியை யார் திருப்புவது?

இரண்டாவது கட்சி கொஞ்சம் புத்திசாலி. "எப்படியும் போட்டுக்கொள்ளத்தான் போகிறார்கள். சரியாகக் கணக்குப் போடவாவது கற்றுக் கொடுங்களேன்" என்கிறது. இதில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதியைத்தான் மேலே செய்தேன், சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி. மீதிப் பாதியில்தான் விஷயம் இருக்கிறது. இல்லாத ஒன்றைச் சரியாக அளக்க எப்படிக் கற்றுக் கொடுப்பது? மாத்திரை அட்டையில் இருப்பதைப் புரிந்துகொள்ளலாம். இந்த அட்டவணையைப் 'புரிந்துகொள்ள' உட்கார்ந்த நிமிடமே, அதில் புரிந்துகொள்ள ஏதோ இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாக ஆகிறது. அட்டவணைக்காரனுக்கு வேண்டியதும் அவ்வளவே. கட்டமும் தசமப் புள்ளியும் பார்த்ததும் நமக்கு டாக்டர் ஞாபகம் வந்துவிடுகிறது. 250 என்று முழுசாக எழுதினால் சந்தேகப்படுவோம், 2.5 என்று எழுதினால் நம்பிவிடுவோம்.

ஏற்கெனவே போட்டுக்கொண்டவர்கள் பயப்படவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். மூச்சுத் திணறல், முகம் வீக்கம், நிற்காத வாந்தி, ஊசி போட்ட இடம் பழுத்துச் சிவப்பது, காய்ச்சல் என்று எது வந்தாலும் குப்பியைக் கையிலேயே எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "விட்டமின் ஊசி" என்று டாக்டரிடம் பொய் சொல்லாதீர்கள். மருந்தால் வந்த கெடுதலைப் புகார் செய்ய 1800-180-3024 என்று அரசின் இலவச எண்ணே இருக்கிறது. நோயாளியே கூப்பிடலாம். எத்தனை பேருக்குத் தெரியும்?

மருமகனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அவன் முதலில் போனது டாக்டரிடம்தான். ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறான். முட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஐந்து நாளைக்கு வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார்களாம். என்ன ஆச்சு, எத்தனை நாளில் சரியாகும், ஓடலாமா என்று அவன் கேட்ட எதற்கும் பதில் வரவில்லை. எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருந்தது அந்த அட்டவணை ஒன்றுதான். காலை எத்தனை, மாலை எத்தனை, ஆறாவது வாரம் எப்படி இருக்கும் என்று பொறுமையாகச் சொன்னது. பொய்க்குத்தான் எவ்வளவு நேரம் இருக்கிறது.

பக்கத்து வீட்டில் பக்கவாதம் வந்த ஒரு அம்மாவுக்குப் பயிற்சி கொடுக்க, மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் அன்று மத்தியானம் வந்தார். 2021-ல் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிவைத்த திட்டம். அவர் கிளம்பும்போது அக்கா வழி மறித்து, மோர் கொடுத்து, மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். அவர் முட்டியை மடக்கினார், நீட்டினார், ஒரு காலில் உட்கார்ந்து எழச் சொன்னார். பத்து நிமிடம். கிழிசல் இருப்பதுபோல் தெரியவில்லை என்றார். தொடைத் தசை வலுவில்லாமல் தார் ரோட்டில் ஓடியதால் வந்தது. எதற்கும் தர்மபுரி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடச் சொன்னார். சுவரில் சாய்ந்து செய்கிற ஒன்றும் படுத்துக் காலைத் தூக்குகிற ஒன்றுமாக இரண்டு பயிற்சி. "ஆறு வாரம் ஓடாத தம்பி. அப்புறம் மண் தரையில ஆரம்பி."

"எட்டு வாரத்துல செலக்ஷன் சார்."

அவர் ஒன்றும் சொல்லாமல் மோரைக் குடித்து முடித்தார்.

சாயங்காலம் நான் மொரப்பூருக்கு ரயில் பிடிக்கக் கிளம்பும்போது ஃபிரிட்ஜை மறுபடி திறந்து பார்த்தேன். டப்பா அங்கேதான் இருந்தது. மருமகன் திண்ணைச் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி நின்றபடி, பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தான். "குப்பிய என்னடா பண்ணப் போற?" என்றேன். இருபத்தெட்டு, இருபத்தொன்பது என்று எண்ணிக்கொண்டே கையால் 'இருங்க மாமா' என்று சைகை காட்டினான்.